ஆயிரம் போனுக்கு எத்தனை லைன்? – எர்லாங் என்ற கணக்கு வாத்தியாரின் கதை



ராத்திரி 11 மணி. காலையில 9 மணிக்கு இன்டர்னல் டெஸ்ட். சீனியர் அண்ணா ஒருத்தர் புண்ணியத்துல 5 யூனிட்டுக்கும் லெக்சர் வீடியோ ஒரே ஜிப் ஃபைலா கிடைச்சிருக்கு. சைஸ் 2 ஜிபி. ஹாஸ்டல் வைஃபை வழக்கம்போல படுத்துருச்சு. சரி, மொபைல் டேட்டா இருக்கேன்னு டவுன்லோட் பட்டனை அழுத்துறீங்க. உடனே ஸ்க்ரீன்ல ஒரு பெட்டி வந்து நிற்குது. ஃபைல் ரொம்பப் பெருசா இருக்கு, வைஃபை கிடைக்கிற வரைக்கும் க்யூவில் வைக்கட்டுமா என்று கேட்குது.

இது எங்க ரூம்ல நடந்தது. ரூம்மேட்டோட பழைய ஆண்ட்ராய்ட் போன். ஊர்லயும் அவன் வீட்ல பிராட்பேண்ட் கிடையாது. இந்த ஒரு சிம்தான் அவனுக்கு மொத்த இன்டர்நெட்டும். ஒரு நாளைக்கு 1.5 ஜிபி. அது தீர்ந்தா வேகம் 64 கேபிபிஎஸ்-க்கு இறங்கிடும். கணக்குப் போட்டுப் பார்த்தோம். 1.5 ஜிபி போக மிச்சம் இருக்கிற 0.5 ஜிபியை அந்த வேகத்துல இறக்க 17 மணி நேரத்துக்கு மேல ஆகும். டெஸ்ட் 10 மணி நேரத்துல!

அவன் திட்டினது டெலிகாம் கம்பெனிக்காரங்களை. அதை இங்க எழுத முடியாது. ஆனா எனக்கு அந்தப் பெட்டியில இருந்த க்யூ என்ற ஒரே வார்த்தைதான் மண்டையில ஓடிக்கிட்டே இருந்துச்சு. பி.க்யூ.டி. பேப்பர் எழுதினவங்களுக்குத் தெரியும், அந்தப் பாடத்துல திரும்பத் திரும்ப வர்ற ஒரு பேர் இருக்கு. பேரை எழுதி 16 மார்க் வாங்கியிருப்போம். ஆள் யாருன்னு கேட்டிருக்க மாட்டோம். எல்லாரும் பங்கு போட்டுக்கிற ஒரு லைன்ல யாருக்கு எவ்வளவு, எத்தனை பேரைத் திருப்பி அனுப்பலாம் என்ற கேள்வியை முதன்முதலாக உருப்படியாகக் கணக்குப் போட்டவர் அவர்தான். ஆக்னர் க்ராரூப் எர்லாங். இந்த இதழில் அவர் கதையைப் பார்க்கலாம் வாங்க.

தலைகீழாகப் படித்த பையன்

எர்லாங் பிறந்தது 1878 ஜனவரி 1 அன்று. டென்மார்க்கின் மேற்குப் பக்கம், ஜட்லாண்ட் பகுதியில் லோன்போர் என்ற சின்ன கிராமம். அப்பா அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார். ஊர் சர்ச்சிலும் எழுத்தர் வேலை பார்த்தவர். அம்மா பாதிரியார்கள் நிறைந்த குடும்பத்திலிருந்து வந்தவர். ஒரு அண்ணன், இரண்டு தங்கைகள். வசதியான வீடு இல்லை.

சாயங்காலம் ஆனால் அண்ணனும் தம்பியும் ஒரே புத்தகத்தைச் சேர்ந்து படிப்பார்களாம். அண்ணன் புத்தகத்தை நேராக வைத்துப் படிப்பான். எதிரே உட்கார்ந்திருக்கும் தம்பி அதையே தலைகீழாகப் படிப்பான். ஒரு புத்தகம், இரண்டு பேர், ஒரே நேரம். பங்கு போட்டுக்கொள்ளும் வித்தை அவருக்கு அப்போதே வந்துவிட்டது போல!

சின்ன வயதிலேயே வானியல் மீது பெரிய ஆசை. 14 வயதில் கோபன்ஹேகன் போய் ஒரு தேர்வு எழுதினார். அந்தத் தேர்வுக்கு வயது பத்தாது என்பதால் தனி அனுமதி வாங்கித்தான் உட்கார முடிந்தது. சிறப்பாகத் தேறினார். ஆனால் உடனே மேலே படிக்கவில்லை. ஊருக்குத் திரும்பி, அப்பாவின் பள்ளியிலேயே இரண்டு வருடம் உதவி ஆசிரியராக இருந்தார். 14 வயதில் நாமெல்லாம் என்ன பண்ணிக்கிட்டு இருந்தோம்னு யோசிச்சா கொஞ்சம் கூச்சமாத்தான் இருக்கு.

பிறகு தூரத்து உறவினர் ஒருவர் தங்க இடமும் சாப்பாடும் கொடுக்க, கல்லூரி நுழைவுக்குத் தயாரானார். 1896-ல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணிதம் முதன்மைப் பாடம். கூடவே வானியல், இயற்பியல், வேதியியல். 1901-ல் பட்டம் வாங்கினார்.

கேம்பஸ்ல பெரிய கம்பெனி வந்து தூக்கிட்டுப் போச்சுன்னு நினைக்காதீங்க. அடுத்த 7 வருடம் அவர் பள்ளிக்கூட வாத்தியார்.

கணக்குச் சங்கத்தில் ஒரு சந்திப்பு

வாத்தியார் வேலை பார்த்துக்கொண்டே கணிதத்தையும் விடவில்லை. டென்மார்க்கின் கணிதச் சங்கக் கூட்டங்களுக்குப் போய்வந்தார். அங்கே ஒருவரைச் சந்தித்தார். அவர் பெயர் ஜென்சன். ஆமாங்க, நம்ம புத்தகத்தில் வருகிற ஜென்சன் இனிக்குவாலிட்டியின் அதே ஜென்சன்தான். கணிதம் அவருக்கு ஓய்வுநேர ஆசை. பிழைப்புக்குப் பார்த்தது கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் தலைமைப் பொறியாளர் வேலை.

ஜென்சன் அவரைக் கம்பெனியின் நிர்வாக இயக்குநர் யோஹான்சனிடம் அறிமுகம் செய்தார். யோஹான்சன் சும்மா கையெழுத்துப் போடுகிற முதலாளி இல்லை. டெலிபோனில் மக்கள் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்பதைப் பற்றித் தானே கட்டுரை எழுதியவர். அவருக்கு ஒரு கணக்கு ஆள் தேவைப்பட்டது. 1908-ல் 30 வயது எர்லாங் கம்பெனியில் சேர்ந்தார், ஆய்வுக்கூடத்தின் தலைவராக.

ஆய்வுக்கூடத் தலைவர் என்றதும் ஏசி ரூமைக் கற்பனை பண்ணாதீங்க. நிலத்தடி கேபிள்களில் எங்கே மின்சாரம் கசிகிறது என்று அளக்கும் வேலையும் அவருடையதுதான். கோபன்ஹேகன் தெருக்களில் மேன்ஹோலைத் திறந்து உள்ளே இறங்குவார். ஏணியைத் தூக்கிக்கொண்டு ஒரு தொழிலாளி பின்னாலேயே வருவார். கணிதத்தில் பட்டம் வாங்கியவர் சாக்கடை மூடி மாதிரி ஒரு மூடிக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பதை அந்த ஊர்க்காரர்கள் எப்படிப் பார்த்திருப்பார்களோ.

கம்பெனிக்கு இருந்த தலைவலி

இப்போ அந்தக் காலத்து டெலிபோனை மனசுல கொண்டு வாங்க. நீங்கள் போனை எடுத்தால் எக்ஸ்சேஞ்சில் ஒரு ஆபரேட்டர் அம்மா பேசுவார். யாரிடம் பேசணும் என்று சொன்னால், ஒயர் பிளக்கை எடுத்துச் சரியான துளையில் செருகி இணைப்புக் கொடுப்பார். இரண்டு எக்ஸ்சேஞ்சுகளுக்கு நடுவே குறிப்பிட்ட எண்ணிக்கையில்தான் லைன்கள் இருக்கும். எல்லா லைனிலும் யாராவது பேசிக்கொண்டிருந்தால் உங்களுக்கு இடமில்லை.

சந்தாதாரர் 1000 பேர் என்றால் 1000 லைன் போடலாமா? போட்டால் யாருக்கும் தடையே வராது. ஆனால் செம்புக் கம்பி என்ன விலை! அந்தச் செலவை யாராவது கட்டியாகணும். கட்டப்போவது அதே 1000 பேர்தான். சரி, மிச்சம் பிடிக்கலாம் என்று 5 லைன் போட்டால், பாதிப் பேர் எக்ஸ்சேஞ்ச் வாசலில் சண்டைக்கு வருவார்கள்.

1000-க்கும் 5-க்கும் நடுவில் எது சரியான எண்? யார் எப்போது போன் பண்ணுவார், எவ்வளவு நேரம் பேசுவார் என்று எவருக்கும் தெரியாத நிலையில் அந்த எண்ணை எப்படிக் கண்டுபிடிப்பது? இதுதான் எர்லாங் மேசைக்கு வந்த கேள்வி. அதுவரை கம்பெனிகள் இதை அனுபவத்தையும் குத்துமதிப்பையும் வைத்தே ஓட்டின.

1909-ல் அவருடைய முதல் கட்டுரை வந்தது. தனித்தனி ஆட்கள் தங்கள் இஷ்டத்துக்குப் பண்ணும் அழைப்புகள், மொத்தமாகப் பார்த்தால் பாய்சான் விதிப்படி வருகின்றன என்று அதில் காட்டினார். ஒவ்வொருத்தரும் எப்போ கூப்பிடுவாங்கன்னு சொல்ல முடியாது. ஆனா ஊரே சேர்ந்து எப்படிக் கூப்பிடும்னு சொல்ல முடியும். இந்த இடத்தில்தான் ஒரு புதுத் துறையே பிறந்தது. நாம அரியர் வைக்கிற க்யூயிங் தியரிக்கு இதுதான் பிறந்தநாள்!

1917: அந்தச் சூத்திரம்

8 வருடம் கழித்து, 1917-ல், தானியங்கி எக்ஸ்சேஞ்சுகளுக்கான கணக்கோடு இன்னொரு கட்டுரை வெளியிட்டார். இன்று எர்லாங்-பி என்று நாம் படிக்கும் சூத்திரம் அதில்தான் வந்தது. சூத்திரத்தை இங்கே எழுதிப் பயமுறுத்தப் போவதில்லை. அது என்ன சொல்லுதுன்னு மட்டும் பார்ப்போம். பேனா பேப்பர் எடுத்துக்கோங்க.

100 பேர் இருக்கிறார்கள். அதிகம் பேசப்படும் அந்த ஒரு மணி நேரத்தில், சராசரியாக ஆளுக்கு 3 நிமிடம் பேசுகிறார்கள். மொத்தம் 300 நிமிடம். 60-ஆல் வகுத்தால் 5. அதாவது, சராசரியாக எந்த நொடியிலும் 5 லைன் பிஸி. இந்த அளவைத்தான் 5 எர்லாங் என்கிறோம்.

அப்போ 5 லைன் போதுமா? போதாது. 5 லைன் மட்டும் போட்டால் 100-க்கு 28 அழைப்பு திரும்பிவிடும். ஏன்னா மக்கள் வரிசையாக ஒருவர் முடித்த பின் ஒருவர் வருவதில்லை. மெஸ்ஸுக்கு வருகிற மாதிரி மொத்தமாக வருவார்கள், பிறகு காலியாகக் கிடக்கும். 10 லைன் போட்டால் திரும்புவது 2 சதவீதத்துக்கும் கீழே. 11 போட்டால் 1 சதவீதத்துக்கும் கீழே. 100 பேருக்கு 11 லைன் போதும்!

அடுத்ததுதான் அழகு. இப்படி 100 பேர் கொண்ட 10 குழுக்கள் இருந்தால் 110 லைன் வேணும். ஆனால் அந்த 1000 பேரையும் ஒன்றாகச் சேர்த்து, எல்லா லைனையும் பொதுவாக வைத்தால்? அதே 1 சதவீதத் தரத்துக்கு 64 லைன் போதும். தனித்தனியாக வைத்துக்கொண்டால் 110, பகிர்ந்துகொண்டால் 64. பகிர்வதால் எவ்வளவு மிச்சம் என்று அவருடைய சூத்திரம் துல்லியமாகச் சொல்லிவிட்டது.

ஆனால் இதுக்கு ஒரு மறுபக்கம் இருக்கு. நம்ம டவுன்லோட் லிமிட்டின் வேர் அங்கேதான். அந்த 100 பேர், 11 லைன் கணக்குக்குத் திரும்பி வாங்க. எல்லாரும் 3 நிமிடத்துக்குப் பதில் சராசரியாக 6 நிமிடம் பேச ஆரம்பித்தால்? பேச்சு இரண்டு மடங்குதான் ஆகியிருக்கு. திரும்பிப் போகிறவர்கள் எண்ணிக்கையோ 0.8 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாக ஏறிவிடும். 20 மடங்கு! பகிர்ந்துகொள்ளும் எந்த வசதியும் இப்படித்தான். ஒரு எல்லை வரைக்கும் சமத்தாக ஓடும்; அதைத் தாண்டினால் ஒரேயடியாகக் காலை வாரிவிடும்.

நல்ல மனுஷன்

எர்லாங் எழுதியது டேனிஷ் மொழியில், அதுவும் ரொம்பச் சுருக்கமாக. பல இடங்களில் நிரூபணம்கூட முழுசாக இருக்காது. இருந்தாலும் அவர் கட்டுரைகள் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் என்று போய்ச் சேர்ந்தன. பிரிட்டிஷ் தபால் துறை தன்னுடைய டெலிபோன் லைன்களுக்கு அவர் சூத்திரத்தையே அடிப்படையாக எடுத்துக்கொண்டது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் இருந்த ஒருவர் இவருடைய கட்டுரைகளை மூலத்திலேயே படிக்கணும் என்பதற்காக டேனிஷ் மொழியைக் கற்றுக்கொண்டாராம். நம்ம ஆளுங்க ஜெர்மன் கத்துக்கிறது எதுக்குன்னு உங்களுக்கே தெரியும், அது வேற கதை.

டெலிபோன் கணக்கோடு அவர் நிற்கவில்லை. மின் அளவீட்டுக் கருவி ஒன்றை வடிவமைத்தார். நான்கு இலக்க லாகரிதம் அட்டவணைப் புத்தகமும் போட்டார்.

கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. சம்பளத்தில் பெரும்பகுதி புத்தகமாக மாறியது. கணிதம், வானியல், இயற்பியல் என்று பெரிய நூலகமே வைத்திருந்தார். அதிகம் பேசமாட்டார். கஷ்டம் என்று யாராவது ஆய்வுக்கூடத்துக்கே தேடி வந்தால், வெளியே தெரியாதபடி உதவி செய்து அனுப்புவாராம். எத்தனை பேரைத் திருப்பி அனுப்பலாம் என்று கணக்குப் போட்ட மனுஷன், தன் வாசலுக்கு வந்தவர்களைத் திருப்பி அனுப்பவில்லை.

கம்பெனியில் ஏறத்தாழ 20 வருடம். அவ்வளவு வருடமும் உடம்பு சரியில்லை என்று அவர் லீவு போட்டதே இல்லையாம். 1929 ஜனவரியில் வயிற்றில் அறுவைச் சிகிச்சைக்காக மருத்துவமனையில் சேர்ந்தார். பிப்ரவரி 3 அன்று காலமானார். வயது 51.

1946-ல் உலக நாடுகளின் டெலிபோன் ஆலோசனைக் குழு, டிராஃபிக் அளவுக்கு எர்லாங் என்றே பெயர் வைத்தது. 1986-ல் ஸ்வீடனின் எரிக்சன் கம்பெனியில் எக்ஸ்சேஞ்சுகளுக்காக உருவாக ஆரம்பித்த நிரல்மொழிக்கும் அவர் பெயர்தான். நீங்க தினமும் குட்மார்னிங் ஃபார்வேர்ட் பண்ணுற வாட்ஸ்அப்பின் சர்வர்கள் அந்த எர்லாங் மொழியில்தான் எழுதப்பட்டன.

பேச்சிலிருந்து ஃபைலுக்கு

சரி, ஒயர் பிளக் காலத்துக் கணக்குக்கும் 2 ஜிபி ஜிப் ஃபைலுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க.

உங்க போனுக்கும் டவருக்கும் நடுவே இருப்பது ரேடியோ அலை. கம்பியாவது இன்னொன்று இழுக்கலாம். அலைவரிசையை இழுக்க முடியாது. கம்பெனி ஏலத்தில் வாங்கிய அளவுதான். 4ஜி-யில் 20 மெகாஹெர்ட்ஸ் இருந்தால் அதை 100 துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு மில்லி நொடியும் இந்தத் துண்டு இவருக்கு, அந்தத் துண்டு அவருக்கு என்று டவர் பங்கு போட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் காலத்து ஆபரேட்டர் அம்மாவின் வேலைதான், நொடிக்கு ஆயிரம் தடவை. சிக்னல் ஒரு புள்ளி காட்டுகிற இடத்தில் உட்கார்ந்து டவுன்லோட் போட்டால், அதே ஒரு எம்பிக்கு இன்னும் நிறைய துண்டுகள் செலவாகும்.

ஒரு வித்தியாசம் இருக்கு. டெலிபோனில் இடமில்லை என்றால் லைன் கிடைக்காது, அவ்வளவுதான். டேட்டாவில் யாரையும் வெளியே தள்ளமாட்டார்கள். எல்லாருக்கும் வேகம் குறையும். எர்லாங்குக்குப் பின் வந்தவர்கள் இதற்கும் கணக்குப் போட்டார்கள். டவர் பாதி பிஸி என்றால் உங்கள் டவுன்லோட் சராசரியாக 2 மடங்கு நேரம் எடுக்கும். 90 சதவீதம் பிஸி என்றால் 10 மடங்கு. 95 சதவீதம் என்றால் 20 மடங்கு. அதே கதைதான்: கடைசி 5 சதவீதம்தான் ஆளைக் கொல்லும்.

இன்னொரு சிக்கல், எர்லாங் பார்த்திராதது. பேச்சு என்றால் சிலர் 1 நிமிடம், சிலர் அரை மணி நேரம் பேசுவார்கள். ஃபைல் அப்படியில்லை. ஒரு மெசேஜ் 10 கேபி, ஒரு கேம் 10 ஜிபி. 10 லட்சம் மடங்கு வித்தியாசம்! டெலிபோன் கணக்கில் சொன்னால், எல்லாரும் 3 நிமிடம் பேசிவிட்டு வைக்கிற ஊரில் ஒருத்தர் மட்டும் ஐந்தரை வருடத்துக்கு மேல் ரிசீவரை வைக்காமல் பேசுகிற மாதிரி. 1990-களின் தொடக்கத்தில் பெல்கோர் ஆய்வாளர்கள் கம்ப்யூட்டர் நெட்வொர்க்கை அளந்து பார்த்துவிட்டு, டேட்டா டிராஃபிக் பாய்சான் விதிக்கு அடங்கவில்லை என்று காட்டினார்கள். திடீர் திடீரென்று பொங்கும். எவ்வளவு நேரம் கூட்டிச் சராசரி எடுத்தாலும் சமமாகாது.

அதனாலதான் பெரிய ஃபைலைக் கண்டால் எல்லாருக்கும் பயம். ஆண்ட்ராய்டின் டவுன்லோட் மேனேஜரில், மொபைல் டேட்டாவில் அதிகபட்சம் இவ்வளவு பைட் என்று ஒரு வரம்பு வைக்கவே வசதி இருக்கு. ஐபோனிலும் ஆப் ஸ்டோர் டவுன்லோடுக்கு அந்த வரம்பு 2013-ல் 100 எம்பி, 2017-ல் 150, 2019-ல் 200 என்று ஏறி, அதே வருடம் ஐஓஎஸ் 13 வந்தபோது முடிவு பயனர் கையிலேயே விடப்பட்டது.

கணக்கு சொல்லாத ஒன்று

இங்கேதான் நீங்க கொஞ்சம் நின்னு யோசிக்கணும்னு கேட்டுக்கிறேன். நாளைக்கு நம்மில் சிலர் இதே டெலிகாம் கம்பெனிகளில் உட்கார்ந்து இந்த எண்களை டைப் பண்ணப்போறோம்.

எர்லாங்கின் சூத்திரம் இரண்டு எண்களைக் கேட்கும்: எவ்வளவு டிராஃபிக், எத்தனை லைன். கொடுத்தால், எத்தனை பேர் திரும்புவார்கள் என்று சொல்லும். எத்தனை பேர் திரும்பினால் பரவாயில்லை என்பதை மட்டும் அது சொல்லவே சொல்லாது. அதை ஒரு மனுஷன்தான் முடிவு பண்ணணும். நம்ம நாட்டில் டிராய் 2009-ல் கொண்டுவந்த சேவைத் தர விதிகளில், சேனல் கிடைக்காமல் போகும் நிலை 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வைத்தார்கள். அந்த 2 எந்தச் சூத்திரத்திலிருந்தும் வரவில்லை. ஒரு முடிவு அது. 100 எம்பி, 200 எம்பி, ஒரு நாளைக்கு 1.5 ஜிபி எல்லாமே அப்படித்தான்.

இன்னொன்று. எர்லாங் கணக்கு முழுக்க நிற்பது கூட்டமான நேரத்தின் மேல். ராத்திரி 9 மணிக்கு ஊரே ரீல்ஸ் பார்க்கும்போது நீங்கள் இறக்கும் 1 ஜிபி அடுத்தவர் பங்கிலிருந்து எடுப்பது. விடியற்காலை 4 மணிக்கு டவர் காலியாகக் கிடக்கும்போது இறக்கும் 1 ஜிபி கிட்டத்தட்ட யாரையும் தொடாது. ஆனால் தினசரி லிமிட் இந்த இரண்டையும் ஒரே மாதிரிதான் எண்ணுது. நள்ளிரவிலிருந்து காலை வரைக்கும் டேட்டாவைக் கணக்கில் சேர்க்காத பிளான்கள் சில உண்டு. எர்லாங் மொழியில் பார்த்தால் அதுதான் நியாயமான லிமிட். நேரம் பார்க்காமல் பைட்டை மட்டும் எண்ணுகிற லிமிட், நெரிசலைத் தடுக்கிறதா, பெரிய பிளானை விற்கிறதா என்று கேட்க நமக்கு உரிமை இருக்கு.

லிமிட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. 11 லைனில் 100 பேர் பேசுகிற அதிசயமே ஒருத்தரும் லைனைப் பிடித்துக்கொண்டு உட்காராததால்தான் நடக்குது. ஆனால் வைஃபை வரும்வரை காத்திரு என்பது, வீட்டில் வைஃபை இருக்கிறவனுக்கு அரை மணி நேர விஷயம். இல்லாதவனுக்கு அது கிடையாது என்பதன் மரியாதையான வடிவம். அந்தப் பெட்டியை டிசைன் பண்றவங்க மனசுல அந்த இரண்டாவது ஆளும் இருக்கணும்.

அந்த 64 கேபிபிஎஸ் பற்றியும் ஒரு விஷயம். டிஜிட்டல் டெலிபோனில் ஒரே ஒருவர் பேசத் தேவையான வேகமும் அதேதான்: நொடிக்கு 8000 மாதிரி, ஒவ்வொன்றும் 8 பிட். டேட்டா தீர்ந்ததும் உங்க கையில் மிஞ்சுவது ஒரே ஒரு டெலிபோன் லைன். எர்லாங் பார்த்திருந்தால் சிரித்திருப்பாரோ என்னவோ.

அப்புறம் ரூம்மேட்டுக்கு என்ன ஆச்சு?

12 மணிக்கு அவனோட புது நாள் கோட்டா வந்துச்சு. உடனே ஆரம்பிக்க வேண்டாம், காரிடர் முழுக்க முழிச்சிருக்கு என்று 4 மணிக்கு அலாரம் வச்சோம். 4 மணிக்கு டவர் காலி, 1.5 ஜிபி சர்ருன்னு இறங்கிச்சு. மிச்சம் 0.5 ஜிபிக்குப் பக்கத்து ரூம் நண்பனை எழுப்பினோம். அவன் கண்ணைத் திறக்காமலேயே ஹாட்ஸ்பாட்டை ஆன் பண்ணிட்டுத் திரும்பிப் படுத்துட்டான். விட்ட இடத்துலேர்ந்து டவுன்லோட் தொடர்ந்து, 5 மணிக்கு முன்னாடியே முடிஞ்சிருச்சு. 5 யூனிட்டில் 3 யூனிட் பார்த்தான். பாஸ்.

யோசிச்சுப் பாருங்க. தனித்தனியாக வைத்தால் 110, பொதுவில் வைத்தால் 64. ஒரு காரிடரில் 20 போன், 20 லிமிட். பாதிப் பேருக்கு தினமும் அரை ஜிபி மிச்சம் விழுந்து வீணாகுது. பாதிப் பேருக்குப் பத்தல. இன்னைக்கு ராத்திரி தூங்கப் போறதுக்கு முன்னாடி உங்க போன்ல மிச்சம் எவ்வளவு இருக்குன்னு ஒரு தடவை பாருங்க. அப்புறம் பக்கத்து ரூம்ல வைஃபை இல்லாத வீட்டுப் பையனோ பொண்ணோ யாராவது முழிச்சிருக்காங்களான்னும் பாருங்க.

அடுத்த செமஸ்டர்ல எர்லாங்-பி சம் வந்தா, மேன்ஹோலுக்குள்ள இறங்கின அந்த வாத்தியாரை ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க. மார்க் கொஞ்சம் கூடுதலா வரும்னு நம்புவோம்!